திருகாணித் துளையில் தொடங்குங்கள்

கிளமெண்டியிலிருந்து தெற்கே போய் வெஸ்ட் கோஸ்ட் நெடுஞ்சாலையைத் தாண்டினால் கடல் வந்துவிடும். 1826-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் ரிபப்ளிக் ஆஃப் சிங்கப்பூர் யாட் கிளப் அங்கே, வெஸ்ட் கோஸ்ட் ஃபெர்ரி சாலையின் முனையில் இருக்கிறது. துவாஸ், செந்தோசா, சாங்கி என்று தீவைச் சுற்றி இன்னும் சில படகுத்துறைகள் உண்டு. இத்தகைய துறைகளில் முப்பது, நாற்பது வயதான பாய்மரப் படகுகள் புதுப்படகின் விலையில் சிறு பங்குக்குக் கைமாறுவது வழக்கம். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். முதலில் பெயிண்ட், பிறகு உள்ளறையின் மெத்தையும் மரவேலையும், கையில் காசு மிஞ்சினால் புதுப் பாய். மேல்தளத்தில் திருகி வைத்திருக்கும் உலோகச் சாமான்களுக்குத் துணியால் ஒரு துடைப்பு, கொஞ்சம் பாலிஷ், அத்தோடு சரி. இந்த வரிசை தலைகீழ் என்பதே இக்கட்டுரையின் வாதம். பழைய பாய்மரப் படகு சாவதும் பிழைப்பதும் பெரும்பாலும் அந்தச் சாமான்களின் அடியில் இருக்கும் விரல் பருமன்கூட இல்லாத துளைகளில்தான் முடிவாகிறது. சீரமைப்பு அங்கேதான் தொடங்க வேண்டும். சிங்கப்பூரின் மழைக்கும் காற்றுக்கும் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

நூறு துளைகளின் கதை

மேல்தளச் சாமான்கள் என்றால் என்னென்ன? பாயை இழுக்கும் கயிற்றைச் சுற்றி முறுக்கும் வின்ச், கயிற்றைக் கட்டிவைக்கும் கிளீட், திசை திருப்பும் கப்பிகள், கப்பி நகரும் தண்டவாளம், ஓரத்தில் ஆட்கள் விழாமல் காக்கும் கம்பிவேலியைத் தாங்கும் ஸ்டான்ஷன் கால்கள், பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்தும் எஃகுக் கம்பிகள் வந்து முடியும் செயின்பிளேட். ஒவ்வொன்றும் தளத்தைத் துளைத்துப் போகும் போல்ட்டுகளால் நிற்கிறது. 30 அடிப் படகு ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்து ஸ்டான்ஷன் கால்களுக்கு நான்கு வீதம் 40 துளைகள். நான்கு வின்ச்சுகளுக்கு ஐந்து வீதம் 20. இரண்டு தண்டவாளங்களுக்கு 24. நான்கு கிளீட்டுகளுக்கு 16. அதற்குள் நூறு வந்துவிட்டது. இன்னும் காற்றுப்புழை, கைப்பிடிக் கம்பி, திசைகாட்டி எல்லாம் மிச்சம். இவை நூறும் மழை உள்ளே நுழையத் தோதான வாசல்கள். படகு கட்டிய நாளில் ஒவ்வொரு வாசலிலும் அடைப்புப் பசை பூசியிருப்பார்கள். அந்தப் பசைக்கும் வயது உண்டு. வெயிலில் இறுகி, வெடித்து, ஒருபக்கம் ஒட்டுவிட்டுப் போக அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டு போதும். படகுக்கோ வயது நாற்பது.

படகின் உடல் அதற்குள் கெட்டுவிடாதா என்று கேட்கலாம். கெடுவதில்லை என்பதே ஃபைபர்கிளாஸ் தந்த ஆச்சரியம். கண்ணாடி இழையில் பிசின் ஊட்டிச் செய்த படகுகள் பெருமளவில் வரத் தொடங்கிய காலத்தில் அவை எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கட்டியவர்களுக்கே தெரியாது. அதனால் உடலைத் தடிமனாகவே வார்த்தார்கள். 1959-ல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் வந்த பியர்சன் ட்ரைட்டன் என்ற 28 அடிப் படகு எழுநூறுக்கும் மேல் விற்றது. அறுபது ஆண்டு தாண்டியும் அவற்றில் பல இன்றும் பாய் விரிக்கின்றன. நீரில் அமிழ்ந்திருக்கும் உடல் அப்படித் தாங்குகிறது. மேல்தளத்தின் கதை வேறு. தளம் கனமாக இருந்தால் படகு தலைகனத்துப் போகும் என்பதால் அதை எடை குறைவாகக் கட்ட வேண்டியிருந்தது. மேலே ஒரு மெல்லிய ஃபைபர் தோல், கீழே இன்னொரு மெல்லிய தோல், நடுவே பால்சா மரத்தின் சிறு சிறு சதுரக் கட்டைகள். பால்சா தக்கையைப்போல எடையற்றது. தோல்கள் இரண்டையும் இடைவெளி விட்டுப் பிடித்துக்கொள்வதால் தளம் நடக்க நடக்க அமுங்காத விறைப்புப் பெறுகிறது. ஆனால் இந்த விறைப்பு முழுவதும் தோலும் கட்டையும் ஒன்றையொன்று பற்றியிருப்பதை நம்பியது. போல்ட்டுத் துளை வழியே நீர் இறங்கினால் கட்டைகளுக்கிடையேயுள்ள இடுக்குகளில் பரவுகிறது. பால்சா ஊறி, கறுத்து, சகதியாகிறது. பற்று விட்டுப்போன பின் அங்கே இருப்பது தனித்தனியே இரண்டு மெல்லிய தகடுகள்தான்.

சிங்கப்பூரில் இதற்கு ஓய்வுக் காலமே கிடையாது. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஏறக்குறைய 170 நாள் மழை நாள். குளிர்நாடுகளில் படகைக் கரையேற்றிப் போர்த்திவைக்கும் மாதங்கள் உண்டு. இங்கே படகு ஆண்டு முழுவதும் நனைகிறது, காய்வதற்குள் மறுபடி நனைகிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மரம் அழுகுவதற்கு நேரம் ஆகாது. இன்னொரு சங்கடம், நீர் நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு கீழ்வீட்டின் வேறோர் அறைக் கூரையில் கறையாகத் தெரிவதைப்போல, முன்பக்க ஸ்டான்ஷனில் இறங்கிய நீர் நடுவறைப் படுக்கைமீது சொட்டலாம். பல சமயம் சொட்டவே சொட்டாது. பால்சா முழுவதையும் குடித்துவிடும். உள்ளறை உலர்ந்திருக்கிறது, ஆகவே தளம் நன்றாயிருக்கிறது என்று நினைப்பவர் ஏமாறுவது இங்கேதான்.

பளபளக்கும் தலை, அரித்த இடுப்பு

துளையில் தேங்கும் நீர் மரத்தோடு நிற்பதில்லை, உலோகத்தையும் தின்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. அதிலுள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்குகிறது; கீறல் விழுந்தால் படலம் தானே மீண்டும் படிகிறது. ஆனால் ஆக்சிஜன் கிடைத்தால்தான் அது நடக்கும். ஓடாமல் தேங்கிய உப்புநீர், காற்றுப் புகாத இடுக்கு என்று இரண்டும் சேர்ந்தால் படலம் உடைகிறது, மறுபடி படிவதில்லை. அரிப்பு ஓரிடத்தில் குழி பறிக்கத் தொடங்குகிறது. போல்ட்டின் தலை வெளியே வெயிலில் மின்னும். தளத்தின் நடுவே புதைந்த இடுப்பு பாதியாய் மெலிந்திருக்கும். செயின்பிளேட்டுகளில் இது மிக ஆபத்து. பாய்மரம் முழுவதையும் நிமிர்த்திப் பிடிக்கும் பட்டை தளத்தைத் துளைத்துப் போகும் அந்த ஓர் அங்குலத்தில்தான் அரிக்கிறது. அந்த ஓர் அங்குலம்தான் கழற்றாமல் கண்ணுக்குப் படாது.

மாற்றுப் போல்ட் வாங்கும்போது கவனிக்க ஒரு சின்ன அடையாளம் உண்டு. தரமான போல்ட்டின் தலையில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். ஏ2 என்றிருந்தால் அது 304 வகை. சமையலறைப் பாத்திரங்களுக்கும் வீட்டுக் கதவுக்கும் போதும். ஏ4 என்றிருந்தால் 316 வகை. அதில் இரண்டு மூன்று விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை எதிர்த்து நிற்கும். அக்கம்பக்க ஹார்ட்வேர் கடையில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தலையைப் பார்க்காமல் வாங்குபவர் கடலுக்கு வீட்டுச் சாமானை எடுத்துப்போகிறார்.

காற்று இருமடங்கானால் பாரம் நான்கு மடங்கு

சிங்கப்பூர்க் கடலில் வழக்கமான காற்று மென்மையானது. பாயோட்டுபவர்களுக்கு அதில் குறை உண்டு, ஆனால் பழைய சாமான்களுக்கு அது புகலிடம். பலவீனமான போல்ட்டும் ஊறிய தளமும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்துவிடும். படகு நன்றாகத்தான் இருக்கிறது என்ற எண்ணம் உறுதிப்படும். பிறகு ஒரு விடியற்காலையில் சுமத்ரா சூறைக்காற்று வரும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, மலாக்கா நீரிணைப் பக்கம் திரண்டு, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து தீவைக் கடக்கும் இடிமழை வரிசை அது. துவாஸ், ஜூரோங், கிளமெண்டி என்று மேற்குக் கரைதான் முதலில் வாங்கிக்கொள்ளும். காற்று சாதாரணமாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். 2024 செப்டம்பரில் அப்படி ஒரு காற்று தெங்காவில் 83 கிலோமீட்டரைத் தொட்டது. பல இடங்களில் மரங்கள் சாய்ந்தன.

இந்த எண்களின் பொருளைப் பாயின் கணக்கில் பார்க்க வேண்டும். காற்றின் வேகம் இருமடங்கானால் பாய்மீது விழும் விசை நான்கு மடங்காகிறது. வேகம் நான்கு மடங்கானால் விசை பதினாறு மடங்கு. 25 சதுர மீட்டர் முன்பாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாய் வடிவமைப்பாளர்கள் வழக்கமாகக் கையாளும் சூத்திரப்படி, மணிக்கு 18 கிலோமீட்டர் காற்றில் அதன் கயிற்றில் ஏறும் இழுவை சுமார் 50 கிலோ. 36 கிலோமீட்டரில் 200 கிலோ. 72 கிலோமீட்டரில், பாயைச் சுருட்ட நேரம் கிடைக்காத அந்தச் சில நொடிகளில், 800 கிலோ. அந்தக் கயிறு ஒரு கப்பியைச் சுற்றி வந்த வழியே திரும்பினால் கப்பியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின்மீது இருபக்க இழுவையும் சேர்ந்து அந்தப் பாரம் இரட்டிப்பாகிறது. இனிய காற்றில் நூறு கிலோவுக்குப் பழகிய போல்ட் ஒன்று ஒரே காலையில் ஒன்றரை டன்னைச் சந்திக்கிறது. அதன் கீழே சகதியான பால்சா இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காற்று இல்லாமலும் இந்த விசை வரும். மனிதக் கையே அதைத் தரும். 40 என்று எண்ணிட்ட வின்ச் கையின் விசையை ஏட்டுக்கணக்கில் நாற்பது மடங்காக்குகிறது. கைப்பிடியை 20 கிலோ விசையோடு சுழற்றினால், உராய்வு போக, அரை டன்னுக்கு மேல் இழுவை பிறக்கும். அதனால் வின்ச்சின் உட்புறமும் அடிப்புறமும் ஒன்றாகவே பார்க்கப்பட வேண்டியவை. உள்ளே சக்கரம் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் சிறு பற்கள் இருக்கின்றன. நகத்தளவு கம்பிச்சுருள் ஒன்று ஒவ்வொரு பல்லையும் வெளியே தள்ளிப் பிடிக்கிறது. பழைய கிரீஸ் மெழுகாய் இறுகிவிட்டால் பல் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பாரத்தின் நடுவே வின்ச் பின்னோக்கிச் சுழன்று கைப்பிடி மணிக்கட்டை முறித்துவிடும். எல்லாவற்றையும் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, சக்கரங்களுக்கு மட்டும் மெல்லியதாக கிரீஸ் தடவி, தடுக்கும் பற்களுக்குக் கிரீஸ் இல்லாமல் இலகுவான எண்ணெய் விட்டு மாட்டினால் நாற்பது வயது வின்ச் புதிது போல டிக் டிக்கென்று ஓடும். பாரியண்ட் போன்ற பழைய வகைகள் இப்போது தயாராவதில்லை என்பதற்காக அவற்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அந்தக் கால வார்ப்பு வெண்கலம் பலவற்றில் இன்னும் திடமாக இருக்கிறது. தேய்வது கம்பிச்சுருளும் பல்லும்தான்.

ஒரு ஸ்டான்ஷன் காலைக் கழற்றிப் பார்த்தால்

வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு காலை வைத்தே சொல்லிவிடலாம். ஸ்டான்ஷன் சுமார் 60 சென்டிமீட்டர் உயரம். அலை ஆட்டத்தில் ஒருவர் அதன் உச்சியில் சாய்ந்து 50 கிலோ விசையில் தள்ளினால், ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் உட்புறப் போல்ட்டுகளில் ஏறும் இழுவை 500 கிலோ. உயரமே நெம்புகோலாகிவிடுவதால் படகில் மிகுதியாக ஆடுவதும் கசிவதும் இந்தக் கால்கள்தான். முதலில் சுற்றிலும் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தளம் கணீரென்று பதில் சொல்லும். பற்று விட்ட இடம் மொத்தென்று ஒலிக்கும். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தட்டு, ஒலி மாறும் எல்லையில் பென்சில் கோடு. அந்தக் கோடுகள் சேர்ந்து ஈரத்தின் வரைபடமாகும்.

பிறகு போல்ட்டுகளைக் கழற்றி, துளைக்குள் வளைத்த ஆணி ஒன்றை டிரில்லில் மாட்டிச் சுழற்றுவார்கள். மேல்தோலும் கீழ்த்தோலும் அப்படியே இருக்க, நடுவேயுள்ள பால்சா மட்டும் துளையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் துருவி வெளியே வரும். வெளிர்மஞ்சள் தூளாக வந்தால் தப்பித்தோம். கறுத்த சேறாக வந்தால் மேல்தோலை வெட்டித் திறந்து, அழுகியதை எடுத்துப் புதுக்கட்டை ஒட்ட வேண்டியிருக்கும். காய்ந்த துளையின் அடியை டேப் ஒட்டி மூடி, முதலில் நீர்த்தன்மையுள்ள எபாக்சிப் பிசினை விட்டு ஓரத்து மரத்தைக் குடிக்கவிட்டு, பிறகு சிலிக்காத் தூள் கலந்து குழைத்த எபாக்சியால் நிரப்ப வேண்டும். இந்த ஊர் வெப்பத்தில் எபாக்சி சீக்கிரம் கெட்டியாகும் என்பதால் மெதுவாக இறுகும் வகையைச் சிறிது சிறிதாகக் கலப்பது நல்லது. இறுகிய முளையின் நடுவே புதுத் துளை போட்டு, அதன் வாயை லேசாக அகலப்படுத்தி, பிசுபிசுப்பான ரப்பர் அடைப்பான பியூட்டைல் டேப்பை உருட்டிப் போல்ட்டின் கழுத்தில் சுற்றி, கீழே அகலமான உலோகத் தகடோ ஃபைபர் பலகையோ கொடுத்து இறுக்க வேண்டும். மேலே திருப்புளியால் போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு கீழே நட்டை மட்டும் திருப்புவது முக்கியம். போல்ட் சுழன்றால் கழுத்தைச் சுற்றிய பியூட்டைல் அறுந்துபோகும். பியூட்டைல் மெதுவாகப் பிதுங்கும் பொருள் என்பதால் இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி ஒரு சுற்று.

இதில் நுட்பம் எபாக்சி முளையில் இருக்கிறது. பியூட்டைலும் ஒரு நாள் விட்டுப்போகும். அன்று நீர் துளை வழியே இறங்கி நேராக உள்ளறையில் சொட்டும். நடுக்கட்டைக்கு வழி அடைபட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத கசிவு கண்ணுக்குத் தெரியும் கசிவாக மாறிவிடுகிறது. தெரிந்த கசிவு ஒரு சனிக்கிழமை வேலை. தெரியாத கசிவு படகின் முடிவு.

எதிர்வாதங்கள்

ஒழுகாததை ஏன் தொட வேண்டும், கழற்றப் போய்க் கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்பது முதல் ஆட்சேபம். மேலே சொன்னபடி, ஒழுகாமல் இருப்பது எதற்கும் சான்றாகாது. தட்டிப் பார்த்து ஒலி நன்றாயிருந்து, கழற்றிய முதல் நான்கு போல்ட்டுகளும் சுத்தமாக வந்தால் மற்றவற்றை அவசரமின்றிச் செய்யலாம். கழற்றாமலே நன்றாயிருக்கிறது என்று முடிவுகட்டுவதுதான் தவறு.

இன்னும் வலுவான பசை போட்டால் ஒரே தடவையில் தீர்ந்துவிடுமே என்பது இரண்டாவது. நிரந்தரமாக ஒட்டும் பாலியூரித்தேன் பசைகள் உண்டு. அவை தளத்துக்கும் உடலுக்கும் இடையேயுள்ள இணைப்பு போன்ற, பிரிக்கவே வேண்டாத இடங்களுக்கானவை. ஸ்டான்ஷன் காலில் போட்டால், அடுத்த முறை கழற்றும்போது ஃபைபர் தோலும் பசையோடு உரிந்து வரும். உரிந்துவிடுமே என்ற பயத்தில் யாரும் கழற்றமாட்டார்கள். கழற்றாத போல்ட் அரித்துக்கொண்டே இருக்கும். சிலிக்கோன் அதற்கு நேர்மாறான தொல்லை. கண்ணாடிச் சன்னலுக்கு நல்லதுதான், தளத்தில் பூசினால் அதன் எண்ணெய்ப்பசை தங்கிவிடும். பிறகு வேறெந்தப் பசையும் பெயிண்டும் அங்கே பிடிக்காது. கழற்ற முடிவதே நல்ல பொருத்துதலின் இலக்கணம்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. படகு மூழ்குவது நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள ஓட்டையால்தானே, முதலில் அதைப் பார்க்க வேண்டாமா? வேண்டும். உடலைத் துளைத்துப் போகும் குழாய்களையும் அவற்றின் வால்வுகளையும் படகு கைக்கு வந்த நாளே சோதிக்க வேண்டும்; அது உயிர்ப் பாதுகாப்பு. ஆனால் அவையும் துளைகள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். வாதத்தின் சாரம், பரப்பைவிடத் துளைக்கு முதலிடம் என்பது. வழக்கமான வரிசையில் இவற்றை முந்திக்கொள்வது உடலின் ஃபைபரில் நீர் ஊறி எழும் கொப்புளங்களும் பெயிண்டும். கொப்புளத்தால் மூழ்கிய படகு அரிது.

நான்காவது, காலம் பற்றியது. எபாக்சிக்கு உலர்ந்த வானிலை வேண்டும். சிங்கப்பூரில் அது கிடைப்பது வடகிழக்குப் பருவத்தின் பிற்பகுதியில், பிப்ரவரியை ஒட்டி. பாயோட்டத் தோதான நிலையான காற்றும் அப்போதுதான். அந்தப் பருவத்தைப் பட்டறையில் கழிப்பதா? கழிக்க வேண்டியதில்லை. மேல்தளம் நீருக்கு மேலே இருப்பதால் படகைக் கரையேற்றவே தேவையில்லை. கட்டிய இடத்திலேயே ஒரு வாரம் ஒரு பக்கத்து ஸ்டான்ஷன்கள், அடுத்த வாரம் ஒரு வின்ச் என்று செய்யலாம். செயின்பிளேட்டை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்தப் பக்கத்துக்குப் பாய் ஏற்றும் கயிற்றால் மரத்தைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். கரையேற்றும் செலவு இல்லை, பியூட்டைலும் எபாக்சியும் பெரிய விலையில்லை. முதலில் செய்ய வேண்டியதே மலிவானதாகவும் இருப்பது இந்த வேலையில் அபூர்வமான நன்மை. ஏப்ரலில் முதல் சுமத்ரா காற்று வருவதற்குள் முடித்துவிட இலக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்பது கடைசி ஆட்சேபம். ஆனால் கைவிட்ட படகு எல்லோருடைய குப்பையாகிறது. ஃபைபர்கிளாஸ் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. பிளாஸ்டிக் போத்தலைப்போல அதை வார்த்தெடுக்க முடியாது. எரித்தாலும் கண்ணாடி இழை சாம்பலோடு நிற்கும். சிங்கப்பூரின் குப்பைச் சாம்பல் போய்ச்சேரும் செமாக்காவ் நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்பது அரசின் கணிப்பு. கைவிட்ட ஒவ்வொரு படகும் அந்தக் கணக்கில் சேர்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் இது பொழுதுபோக்கே அல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டவை ஃபைபர் படகுகள். எஞ்சின் தாங்கும் பலகையின் போல்ட்டுத் துளையில் நீர் இறங்கி உள்ளே பொதிந்த மரம் ஊறுவது அங்கேயும் அதே நோய், அதே மருந்து.

தோணிக்காரர்களும் மஸ்கட்டின் கப்பலும்

மரக்கலங்களின் காலத்தில் இந்த அறிவு தனியாகச் சொல்லித்தர வேண்டியதாக இருக்கவில்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போன தூத்துக்குடித் தோணிகளில் பலகை இடுக்குகளைத் திறந்து பழைய பஞ்சை நோண்டி எடுத்துப் புதிதாக அடைக்கும் கலப்பத்து வேலை, அழகுபார்க்கும் வேலைக்கு முந்தியது. கலத்தை வைத்திருப்பதன் பகுதியே அது. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கலத்தை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். அந்த ஊர் மாலுமிகள் ஓட்ட, கலம் 1938-ல் மாசசூசெட்சின் குளோஸ்டர் துறையை அடைந்தது. உலகின் மறுகோடி வரை போகத் தக்க உடலை நம் கரையின் தச்சர்கள் கட்டினார்கள். பேணும் ஒழுங்கு அந்த உடலோடு சேர்ந்தே வந்தது.

சிங்கப்பூர் கண்ட சான்று இன்னும் அண்மையது. 1998-ல் பெலித்துங் தீவருகே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலை மாதிரியாகக் கொண்டு ஓமானில் கட்டிய ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ 2010 பிப்ரவரியில் புறப்பட்டு, கொச்சி, காலி, பினாங்கு வழியாக ஜூலை 3 அன்று இங்கே வந்துசேர்ந்தது. 18 மீட்டர் நீளமான அதன் பலகைகளை ஆணியின்றித் தென்னைநார்க் கயிற்றால் தைத்திருந்தார்கள். பார்ப்பவர் எல்லோரும் சந்தேகப்பட்டது தையலைத்தான். வழியில் இலங்கையின் காலியில் மாற்ற வேண்டிவந்தது பாய்மரங்களை. தையல் சிங்கப்பூர் வரை தாங்கியது. காற்றின் பாரம் வந்து இறங்கும் இடத்தை முதலில் பாருங்கள் என்ற பாடத்தை ஆயிரத்திருநூறு ஆண்டுப் பழைய வடிவமே சொல்லிவிட்டது. ஃபைபர் வந்தபோது, பராமரிப்பே வேண்டாத பொருள் என்ற விளம்பரமும் கூடவே வந்தது. உடலைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய உண்மை. உடலில் உண்மையான ஒன்றைப் போல்ட்டுக்கும் நீட்டிக்கொண்டதில்தான் ஒரு தலைமுறையின் படகுகள் உள்ளே ஊறின.

இந்த வாதத்துக்கும் எல்லை உண்டு. தட்டிப் பார்க்கையில் தளத்தின் பெரும்பகுதி மொத்தென்று ஒலிக்கிறது, செயின்பிளேட்டைத் தாங்கும் உட்சுவர் அழுகியிருக்கிறது, படகின் அடியிலுள்ள ஏராவைப் (கீல்) பிடித்திருக்கும் போல்ட்டுகள் அரித்திருக்கின்றன என்றால் துளை துளையாகச் சரிசெய்து பயனில்லை. அப்படிப்பட்ட படகை வாங்காமல் விடுவதே சரியான சீரமைப்பு. அதுபோல, எல்லாக் கயிறுகளையும் இருக்கைக்கே கொண்டுவருகிறேன் என்று புதுக் கப்பிகளையும் பூட்டுகளையும் அடுக்கும் ஆசையையும் கட்டுப்படுத்த வேண்டும். ஒவ்வொரு புதுச் சாமானும் நான்கு புதுத் துளை. முன்னைய உடைமையாளர் விட்டுப்போன, இன்று பயனற்ற சாமான்களைக் கழற்றித் துளையை நிரந்தரமாக அடைத்துவிட்டாலே படகு அந்த அளவுக்கு இளமையாகிறது.

ஆகவே பழைய பாய்மரப் படகைப் பார்க்கப் போகிறவர் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பாய் எத்தனை ஆண்டுப் பழசு என்பதோ எஞ்சின் எத்தனை மணி ஓடியது என்பதோ அல்ல. மேல்தளச் சாமான்களைக் கடைசியாக எப்போது கழற்றி மாட்டினீர்கள் என்று கேட்க வேண்டும். வருடமும், என்ன போட்டு அடைத்தோம் என்ற விவரமும் பதிலாக வந்தால் பெயிண்ட் உரிந்திருந்தாலும் அந்தப் படகை யோசிக்கலாம். கழற்றியதே இல்லை, ஆனால் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது என்று பெருமையாகச் சொன்னால், பேசும் விலையில் ஒரு புதுத் தளத்தின் செலவைக் கழித்துக்கொண்டு மேலே பேசுங்கள்.